முருகனுக்கு ஒளித்து மலைக்குப் போனவர்

இந்த வருடம் எப்படியாவது இறைச்சி தின்பது என்று ஜெயரட்ணம் முடிவெடுத்துவிட்டார்.

இதென்ன பெரிய முடிவு, மெல்பேர்னில் இறைச்சிக்கா பஞ்சம் என்று நீங்கள் கேட்கலாம். நீங்கள் யோகராணியைக் கல்யாணம் கட்டவில்லை, அதனால் கேட்கிறீர்கள். ஆடி ஆவணியில் யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தனுக்குத் திருவிழாக் கொடி ஏறும். அங்கே கொடி ஏறுகிற அதே நேரத்தில், இங்கே மெல்பேர்ன் குளிர்காலத்தில், ஸ்பிரிங்வேல் பகுதியில், ஜெயரட்ணம் வீட்டு மச்சச் சட்டிகள் கராஜுக்கு இறங்கும். மீன், இறைச்சி, முட்டை, முட்டை போட்ட கேக், மச்சம் என்று பெயர் சொல்லக்கூடிய எதுவும், தேரும் தீர்த்தமும் முடிந்து கொடி இறங்கும் வரைக்கும் வாசற்படி ஏறக் கூடாது. குசினி கழுவப்படும். ஃபிரிட்ஜ் கழுவப்படும். ஜெயரட்ணத்தின் வாயைக் கழற்றி எடுக்க முடியுமென்றால் அதையும் ஒருமுறை கழுவி, சட்டிகளோடு கராஜிலேயே வைத்திருப்பார் யோகராணி.

மற்ற மாதங்களில் ஜெயரட்ணம் சனிக்கிழமை தவறாமல் ஆட்டிறைச்சி வாங்குகிற மனிதர். நெஞ்செலும்பு எது, தொடை எது, கடைக்காரன் ஏமாற்றித் தள்ளிவிடப் பார்க்கிற கழுத்து எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அப்பேர்ப்பட்டவர் ஏறக்குறைய ஒரு மாதம் பருப்பும் பயற்றங்காயுமாகக் காலம் தள்ளுவதென்றால் நாக்கு என்ன பாடுபடும்! நல்லூரில் கொடி உச்சிக்கு ஏறும்போது அவருடைய நாக்கு அரைக்கம்பத்துக்கு இறங்கிவிடும்.

கள்ளமாகத் தின்று பார்க்காதவர் அல்ல. போன வருடத்துக்கு முதல் வருடம் ஸ்பிரிங்வேல் கடையொன்றில் ஒரு மட்டன் ரோல் வாங்கினார். வாயைத் துடைப்பதற்குள் கல்லாவில் இருந்த அன்ரி யோகராணிக்குப் போன் எடுத்துவிட்டார். போன வருடம் புத்தியாக, தமிழர் இல்லாத கடையில் பேர்கர் வாங்கிக் காருக்குள் இருந்தே தின்றார். இரவு யோகராணி சீட் பெல்ட்டில் ஒட்டியிருந்த ஓர் எள்ளை இரண்டு விரலால் எடுத்து, விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். அது தோசைப்பொடி என்று ஜெயரட்ணம் சாதித்தார். யோகராணி நம்பினாரா இல்லையா என்பது இன்றைக்கும் தெரியாது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நேர்ஸாக இருப்பவர். நோயாளி சொல்வதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, தனக்குத் தெரிந்ததைச் செய்துகொண்டு போவது அவருடைய தொழில்.

தன்னுடைய தொழிலிலும் ஜெயரட்ணத்துக்குப் பெருமை உண்டு. தண்டினோங்கில் ஒரு களஞ்சியத்தில் எந்த லொறி எப்போது வரவேண்டும், எந்தப் பாதையால் போகவேண்டும் என்று திட்டம் போடுவது அவர்தான். ஊருக்கெல்லாம் பாதை போட்டுக் கொடுக்கிறவருக்கு ஒரு துண்டு இறைச்சிக்குப் பாதை தெரியாதா என்று அவருக்கு ரோசம் வந்துவிட்டது. ஆசையோடு ரோசமும் சேர்ந்தால் மனிதன் என்னவும் செய்வான்.

பாதையைக் காட்டியவர் சிநேகிதர் வரதராஜா. அவர் வீட்டிலும் இதே சட்டம், இதே கராஜ்.

"மச்சான், நீ சினோவுக்குப் போ," என்றார் வரதராஜா போனில்.

"பனிக்கோ? அங்கதான் எங்கட சனம் பஸ் பிடிச்சுப் போகுதே!"

"அது ஒருநாள் சனம். காலமை போய், பனியை அள்ளி எறிஞ்சு, கார் பார்க்கில நிண்டு புளிச்சோறு திண்டு, படம் எடுத்துப்போட்டுப் பின்னேரம் காய்ச்சலோட வாற ஆக்கள். மேல கிராமத்துக்குள்ள ஒரு ராத்திரி தங்கின தமிழன் ஒருத்தன்ர பேர் சொல்லு பாப்பம்?"

ஜெயரட்ணம் யோசித்தார். அவருக்குத் தெரிந்த தமிழர்கள் பாரிஸில் தங்கியிருக்கிறார்கள், பழனியில் தங்கியிருக்கிறார்கள். பனிமலையில் தங்கியவர் ஒருவருமில்லை.

"அதோட, அங்க ஐரோப்பாவில இருந்து வந்த ஒஸ்ரியாக்காரர் கட்டின லொட்ஜ் இருக்கு. ஷ்னிட்சல் எண்டு ஒரு சாமான் போடுவினம். இறைச்சியைத் தட்டித் தட்டி மெல்லிசாக்கி, ரொட்டித்தூளில பிரட்டி, பட்டரில பொரிக்கிறது. பிளேட்டை விட்டு வெளியில தொங்கும்."

"வெளியிலயோ?"

"ரெண்டு பக்கமும்."

அன்று பின்னேரம் தண்டினோங் களஞ்சியத்தில் இரண்டு லொறிகள் பிழையான வாசலுக்குப் போயின.

அந்த மலையின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் நாளைக்கு நீங்களும் போய் நிற்பீர்கள். மெல்பேர்னிலிருந்து காலையில் புறப்பட்டால் மத்தியானத்துக்கு முதல் போய்விடலாம், அவ்வளவு போதும். சரிந்த கூரையும் மரப்பலகைச் சுவருமாக, ஐரோப்பாவின் அல்ப்ஸ் மலைக் கிராமம் ஒன்றை அப்படியே தூக்கி வந்து யூக்கலிப்டஸ் மரங்களுக்கு நடுவில் வைத்தது போல இருக்கும். ஜெயரட்ணம் வீட்டு ஐபேட்டில் அதைத் தேடி எடுத்து, வால்ட்ராட் என்ற ஒஸ்ரியாக்கார அம்மா நடத்தும் லொட்ஜைக் கண்டுபிடித்து, இராச்சாப்பாடும் சேர்த்தே வாடகை என்று வாசித்ததும் கதிரையை விட்டு எழுந்து ஒருதரம் நடந்துவிட்டு வந்து இருந்தார்.

இனி யோகராணியைச் சம்மதிக்க வைக்க வேண்டும். உடம்புக்கு நல்லது, மகளுக்குச் சந்தோசம், கல்யாணம் கட்டி இருபத்தைந்து வருடமாகிறது என்று பல நியாயங்களைத் தயார்பண்ணி வைத்துக்கொண்டார். யோகராணி வேலையால் வந்து கால் நீட்டிக் கொஞ்சம் இளைப்பாறும் நேரமாகப் பார்த்துப் பேச்சைத் தொடங்கினார்.

"இஞ்சேரும் ராணி, நாங்கள் ஒருக்காலும் ஒரு ஹொலிடே போகேல்ல."

"போன வருசம் சிட்னி போனனாங்கள்."

"அது கலியாண வீடு."

"அதுக்கு முதல் கனடா."

"அது செத்த வீடு. நான் சொல்லுறது ஹொலிடே. ஒருத்தரும் கலியாணம் கட்டாத, ஒருத்தரும் சாகாத இடத்துக்கு."

"அப்பிடி ஒரு இடம் இருக்கே?"

"இருக்கு. மலைக்கு மேல. பனி. ஸ்கீ பழகலாம்."

யோகராணி கணவனை உச்சியிலிருந்து பாதம்வரை ஒருமுறை பார்த்தார். "ஸ்கீ. நீங்கள்."

"ஏன், எனக்கென்ன?"

"போன மாசம் குசினியில ஒரு சொட்டுத் தண்ணியில வழுக்கி விழுந்து எத்தினை நாள் கிடந்தனீங்கள்?"

"அது தண்ணி. இது பனி. வழுக்குறதுக்கெண்டே செய்தது."

"சரி, எப்ப போறது?"

இதுதான் ஆபத்தான இடம். ஜெயரட்ணம் கூரையைப் பார்த்துக்கொண்டு திகதியைச் சொன்னார்.

"அது கொடியேத்தக் கிழமையெல்லே?"

"அப்பிடியே? அட, எனக்கு ஞாபகமே வரேல்ல! பனி அந்தக் கிழமைதான் நல்லாய் இருக்குமாம். நாங்கள் என்ன செய்யிறது, பனி சைவமில்லையே, அதுக்குக் கொடி தெரியாது."

யோகராணி போனில் கலண்டரை எடுத்து விரலால் எண்ணிப் பார்த்தார்.

"ஓம், போவம்," என்றார் யோகராணி.

"என்ன?"

"போவம் எண்டன். நான் ரைஸ் குக்கரைக் கொண்டு வருவன், எனக்குப் பிரச்சினை இல்லை. திருவிழாவைப் போனில பாக்கலாம். உங்களுக்குத்தான் சாப்பாட்டுக்குக் கஷ்டம்."

"எனக்கென்ன கஷ்டம்! முருகனை நினைச்சுக்கொண்டு உருளைக்கிழங்கு திண்டு கிடப்பன்."

"அதுவும் சரிதான். மலை எண்டாலே அவற்ற வீடுதானே."

இந்த இடத்திலாவது ஜெயரட்ணம் கொஞ்சம் யோசித்திருக்கலாம். முருகனுக்குக் கடற்கரையில் வீடுகள் குறைவு. மலையென்றால் திரும்பிய பக்கமெல்லாம் அவருடைய வீடுதான். ஒளிக்க இடம் தேடுகிறவன் வீட்டுக்காரனின் அறைக்குள்ளேயே போய் ஒளிப்பதுண்டா? ஆனால் பழம் நழுவிப் பாலில் விழுந்த சந்தோசத்தில் அவருக்கு இதெல்லாம் தோன்றவில்லை. எட்டு நியாயம் தயார்பண்ணி இரண்டோடு காரியம் முடிந்துவிட்டதே என்று தன்னையே மெச்சிக்கொண்டார்.

ஆயத்தங்கள் தொடங்கின. வேலையிடத்தில் ஒருவர் செம்மஞ்சள் நிறத்தில் ஸ்கீ உடுப்பொன்றை இரவல் கொடுத்தார். அதைப் போட்டால் தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு ரோட்டு வேலை நடப்பதாகத் தோன்றும். வீட்டு நடையில், கம்பளத்தின் மேல், இடக்கையில் தும்புத்தடியும் வலக்கையில் மொப்பும் பிடித்து முழங்காலை மடக்கிப் பழகினார். மகள் மிருணாளினி மொனாஷ் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். சிநேகிதப் பெட்டைகளோடு போய் ஏற்கெனவே பனியில் சறுக்கத் தெரிந்தவள். அப்பாவைக் கதவடியில் நின்று பார்த்துவிட்டு, "அப்பா, ஆர் யூ ஓகே?" என்று கேட்டாள்.

"ஸ்கீ பழகுறன், பிள்ளை."

"தட்ஸ் நொட் ஸ்கீயிங். தட்ஸ் க்ளீனிங்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

புறப்படும் நாள் காலையில், மலைப்பாதையில் சக்கரத்துக்குப் பூட்டச் சட்டம் கேட்கிற சங்கிலியை ஜெயரட்ணம் டிக்கியில் வைத்தார். சக்கரத்துக்குக் கீழே யோகராணி நாலு எலுமிச்சம்பழம் வைத்தார். இரண்டு பாதுகாப்போடும் கார் மலையேறியது.

லொட்ஜ் வாசலில் வால்ட்ராட் அம்மா நின்றார். எழுபது வயதிருக்கும், தோள் இரண்டும் அகலம். ஜெயரட்ணத்தைத் தாண்டிப் போய் யோகராணியைக் கட்டிப்பிடித்தார். "போனில் பேசிய நேர்ஸ் நீங்கள்தானே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். பிறகு ஜெயரட்ணத்தின் வலக்கையைப் பிடித்து, சிவப்பு நிற பிளாஸ்டிக் பட்டியொன்றை மணிக்கட்டில் சுற்றிக் கிளிக்கென்று பூட்டினார். அதில் பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. ஜெயரட்ணத்தின் மூக்குக்கண்ணாடி பெட்டிக்குள் கிடந்தது. மலையேற்றும் கதிரைலிஃப்டுக்கான அனுமதியாக்கும், குடும்பத் தலைவனுக்கு முதலில் கட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

"வடிவாய் இருக்கு," என்றார் யோகராணி. "காப்புக் கட்டினமாதிரி."

அன்று இரவு சாப்பாட்டு அறையில் விறகு எரிந்துகொண்டிருந்தது. சுற்றியுள்ள மேசைகளில் எல்லாம் ஷ்னிட்சல். வரதராஜா பொய் சொல்லவில்லை, இரண்டு பக்கமும் தொங்கியது. யோகராணி ஃபிளாஸ்கிலிருந்து தயிர்ச்சாதத்தை எடுத்து வைத்துக்கொண்டார். ஜெயரட்ணம் பரிமாற வந்தவரிடம், ஏதோ போகிற போக்கில் சொல்வதுபோல, "அதில் ஒன்று," என்று பக்கத்து மேசையைக் காட்டினார். பரிமாறுகிறவர் அவருடைய மணிக்கட்டைப் பார்த்தார். உள்ளே ஓடினார். வால்ட்ராட் அம்மாவே வந்துவிட்டார்.

"மன்னிக்க வேண்டும், மிஸ்டர் ஜெய். என் வீட்டில் வைத்து நீங்கள் சாக நான் விடமாட்டேன்."

"நான் ஏன் சாக வேண்டும்?"

"உங்களுக்கு இறைச்சி ஒவ்வாமை."

"எனக்கு அப்படி ஒன்றும் இல்லை!"

"இப்படித்தான் சொல்வீர்கள் என்று உங்கள் மனைவி சொன்னார். அவர் நேர்ஸ்," என்று சொல்லி, அவித்த உருளைக்கிழங்கும் கீரையும் நிறைந்த தட்டொன்றை அவர் முன்னால் வைத்தார் வால்ட்ராட்.

ஜெயரட்ணம் மெல்ல மனைவியின் பக்கம் திரும்பினார். யோகராணி ஊறுகாய்ப் போத்தலைத் திறந்துகொண்டிருந்தார்.

"ராணி, நீர் இவைக்கு என்ன சொன்னனீர்?"

"உள்ளதைத்தான் சொன்னனான். இந்தக் கிழமை இவர் இறைச்சி திண்டால் ஆபத்து எண்டு."

"என்ன ஆபத்து?"

"அவவும் அதைத்தான் கேட்டவ. முதல்ல முகம் சிவக்கும், பேந்து பெரிய சத்தம் வரும், பேந்து மூச்சு விடக் கஷ்டமாய் இருக்கும் எண்டன்."

"எனக்கோ?"

"முகம் சிவக்கிறதும் சத்தம் வாறதும் எனக்கு. மூச்சு விடக் கஷ்டம் உங்களுக்கு. அவ பிரிச்சுக் கேக்கேல்ல."

மிருணாளினி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவள் புரையேறி வெளியே எழுந்து போனாள்.

"அதுசரி, நீங்கள் ஏன் ஷ்னிட்சல் கேட்டனீங்கள்?" என்றார் யோகராணி.

"நானோ? அது மரக்கறி எண்டு நினைச்சன். பேரைக் கேட்டால் பூசணிக்காய் மாதிரித்தானே இருக்கு."

"ஓம் ஓம்," என்று தலையாட்டினார் யோகராணி. நோயாளிகளுக்கு ஆட்டுகிற அதே தலையாட்டல்.

உருளைக்கிழங்கை விழுங்கியபடி ஜெயரட்ணம் நிலைமையைக் கணக்குப் பார்த்தார். மனைவிக்குச் சந்தேகம் இருக்கிறது, சாட்சி இல்லை. தான் இன்னும் ஒன்றையும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ளாதவரைக்கும் தோற்கவில்லை. இனி இது வெறும் இறைச்சி விசயம் அல்ல, இருபத்தைந்து வருடத்தில் ஒருமுறையாவது யோகராணியை வெல்வதா இல்லையா என்ற விசயம். மனிதருக்கு அதை நினைக்கக் கண் கலங்கியது.

அடுத்த நாள் காலை பேக்கரிக்குப் போய் இறைச்சி பேஸ்ட்ரி கேட்டார். பேக்கரிக்காரி மணிக்கட்டைப் பார்த்து அப்பிள் பேஸ்ட்ரி கொடுத்தாள். கடைக்குப் போய் டின் இறைச்சியை எடுத்தார். கல்லாக்காரன் மணிக்கட்டைப் பார்த்து டின்னைத் திருப்பி வாங்கிக்கொண்டான். பட்டியைப் பல்லால் கடித்துப் பார்த்தார், கத்தரிக்கோலால் நறுக்கிப் பார்த்தார், அசையவில்லை. ஸ்பிரிங்வேலிலாவது அன்ரிமார் மட்டும்தான் அவரைப் பார்த்தார்கள். இங்கே ஊர் முழுக்க வெள்ளைக்கார அன்ரிமார், எல்லாருக்கும் அவர் உயிர்மேல் அக்கறை. தமிழர் கண்ணுக்குத் தப்பி ஓடிவந்து இப்படி மாட்டிக்கொண்டோமே என்று நொந்துபோனார்.

ஸ்கீ வகுப்புக்கும் போகத்தானே வேண்டும், வந்த காரணம் அதுதானே! ஆரம்ப வகுப்பில் அவரோடு படித்தவர்கள் எல்லாரும் அவருடைய இடுப்பளவு உயரம். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பது பழமொழி. ஜெயரட்ணத்துக்கு அடி தவிர மற்றதெல்லாம் சறுக்கியது. விழுந்து கிடக்கும்போது ஒரு சின்னப் பெண் அருகில் வந்து குனிந்து, "நீங்கள்தானே இறைச்சி சாப்பிடக் கூடாதவர்?" என்று கேட்டாள்.

யோகராணியோ லொட்ஜை விட்டு அசையவில்லை. கண்ணாடி யன்னலுக்குப் பக்கத்தில் இருந்து போனில் திருவிழா பார்த்தார். வால்ட்ராட்டும் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு, வேல் ஏன், மயில் ஏன், மேளகாரருக்குக் கை வலிக்காதா என்று கேட்டுக்கொண்டே பார்த்தார். நட்பு முற்றி இரண்டு பேரும் குசினிக்குள் போனார்கள். அன்று பின்னேரம் சாப்பாட்டு அறைக் கரும்பலகையில் ஷ்னிட்சலுக்கு மேலே, 'யாழ்ப்பாணக் கத்தரிக்காய்ப் பாற்கறி' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. ஏழு மணிக்கு முன்பே அது முடிந்துவிட்டது. ஜெயரட்ணத்துக்கென்று மட்டும் ஒரு கிண்ணம் ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

கடைசி நாளுக்கு முதல் நாள்தான் அவருக்கு வழி பிறந்தது. மலை உச்சியில், கதிரைலிஃப்ட் முடிகிற இடத்தில், ஒரு சின்ன மரக்கடையில் சொசேஜ் சுடுகிறார்களாம். அதைச் சொன்னது மிருணாளினி. கிராமத்துக் கண்கள் அவ்வளவு தூரம் எட்டாது. கையுறையை முழங்கைவரைக்கும் இழுத்து விட்டால் பட்டியும் தெரியாது. உயரம் என்றால் அவருக்குத் தலை சுற்றும். மாடிப்படியில்கூடச் சுவர்ப்பக்கமாகத்தான் ஏறுவார். ஆனாலும் ஆசை வெட்கம் அறியாது என்பார்கள், அது உயரத்தையும் அறியாது. கண்ணை இறுக்க மூடி, கம்பியைக் கட்டிப்பிடித்து, இறங்கும்வரை முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே இறைச்சி தின்னப் போனார் ஜெயரட்ணம்.

கடைக்காரன் தாடி வைத்த இளைஞன். செம்மஞ்சள் உடுப்பை ஒருமுறை பார்த்தான், சிரித்தான், உள்ளே திரும்பி நீண்ட சொசேஜ் ஒன்றை எடுத்து வாட்டி, பாணுக்குள் வைத்து, பொரித்த வெங்காயமும் கடுகுக் களியும் அள்ளிப் போட்டுக் கொடுத்தான். அவருடைய கையைப் பார்க்கவே இல்லை. ஜெயரட்ணம் கடையின் பின்பக்கம் போய் ஒரு மரத்தோடு ஒட்டி நின்று ஒரு கடி கடித்தார்.

ஆகா! இதுவல்லவா இறைச்சி! தோல் வெடித்துச் சாறு வந்தது. ஸ்பிரிங்வேல் ஆடெல்லாம் இதற்குப் பக்கத்தில் நிற்குமா? வெள்ளைக்காரனுக்கு உறைப்புத் தெரியாது, புளி தெரியாது, ஆனால் இறைச்சி தெரியும் ஐயா, இறைச்சியைத் தெரிந்தவன் அவன்தான் என்று அவர் மனம் உருகியது. இரண்டாவது கடியில் கண்ணீர் வந்தது. மூன்றாவது கடிக்கு முதல், இடக்கையால் ஒரு படம் எடுத்து, 'வெண்டிட்டன் மச்சான்!' என்று எழுதி வரதராஜாவுக்கு அனுப்பினார். படம் எடுப்பதற்குத்தான் கையுறையைக் கழற்ற வேண்டியிருந்தது. இடது கையுறையைப் பல்லால் கடித்து இழுக்க, அதோடு கயிற்றால் கொளுவியிருந்த வலது கையுறையும் இழுபட்டு மணிக்கட்டுக்குக் கீழே இறங்கியது.

பனிச்சறுக்குக் காவல்காரி ஒருத்தி அந்த வழியால் சறுக்கிக்கொண்டு வந்தாள். சிவப்புப் பட்டியைக் கண்டாள். சொசேஜைக் கண்டாள்.

"சேர்! அதைக் கீழே போடுங்கள்!"

திடுக்கிட்டதில் பாதிக் கடுகுக் களி ஜெயரட்ணத்தின் மூச்சுக்குழலுக்குள் போனது. இருமினார். கண் பிதுங்கியது. பேச வாயெடுத்தால் விசில்தான் வந்தது. முகம் சிவப்பதும், சத்தம் வருவதும், மூச்சு விடக் கஷ்டப்படுவதும் யோகராணி சொன்ன அதே ஒழுங்கில் நடந்தன. காவல்காரி ரேடியோவில் கத்தினாள். இரண்டு பேர் பாய்ந்து வந்தார்கள். ஜெயரட்ணத்தைப் பனிவண்டியில் நீட்டிக் கிடத்தி, கழுத்துவரை போர்த்து, மூன்று பட்டி போட்டுக் கட்டி, மலையடிவாரத்துக்கு இழுத்துப் போனார்கள். வழியில் ஆரம்ப வகுப்புச் சின்னப் பிள்ளைகள் வரிசையாக நின்று கை காட்டினார்கள். அவர்களுடைய வகுப்பில் மலையுச்சியிலிருந்து விழாமல் இறங்கி வந்த முதல் மாணவர் அவர்தான்.

முதலுதவி நிலையத்தில் டொக்டர் அட்ரினலின் ஊசியோடு தயாராக நின்றார். தொடையில், காற்சட்டைக்கு மேலாலேயே குத்துவாராம். இருமல் கொஞ்சம் அடங்கியிருந்தது. "எனக்கு ஒவ்வாமை இல்லை!" என்று ஜெயரட்ணம் அலறினார்.

"மறுப்பார் என்று லொட்ஜில் சொன்னார்கள்," என்றார் டொக்டர் பக்கத்தில் நின்றவரிடம். "காலைப் பிடியுங்கள்."

அந்த நேரம் பார்த்து யோகராணியும் மிருணாளினியும் உள்ளே வந்தார்கள். யோகராணி ஒரு நிமிடம் பொறுக்கச் சொல்லி டொக்டருக்குக் கை காட்டிவிட்டு, கணவனின் நாடியைப் பிடித்துப் பார்த்தார். கண் இமையைப் புரட்டிப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார்.

"ராணி, எனக்கு ஒண்டுமில்லை எண்டு இவைக்குச் சொல்லும்!"

"எனக்கு என்ன தெரியும்? நீங்கள் என்ன திண்டனீங்கள் எண்டு தெரிஞ்சால்தானே நான் சொல்லலாம்."

ஜெயரட்ணம் ஊசியைப் பார்த்தார். அது அவர் நினைத்ததைவிட நீளமாக இருந்தது.

"தமிழிலதான் கேக்கிறன். இவைக்கு விளங்காது. சொல்லுங்கோ," என்றார் யோகராணி.

"சொசேஜ்," என்றார் ஜெயரட்ணம் மெதுவாக.

"கொடி ஏறி இருக்கேக்க?"

"ஓம்."

"தெரிஞ்சுகொண்டோ?"

"தெரிஞ்சுகொண்டுதான். ருசியா இருந்தது, ராணி. என்னை மன்னிச்சுக்கொள்ளும். நான் இந்த ஹொலிடே வந்ததே அதுக்குத்தான்."

"அது தெரியும். ஐபேட்டில பனிப்படம் எத்தினையோ கிடந்தது. நீங்கள் விரலை வைச்சுப் பெருப்பிச்சுப் பாத்து அப்பிடியே விட்டிட்டுப் போனது மெனுவை. சரி, போன வருசம் சீட் பெல்ட்டில கிடந்த எள்ளு?"

"பேர்கர்."

"தோசைப்பொடி எண்டு சொன்னியள்."

"பேர்கர், ராணி. அதுக்கு முதல் வருசம் வரதராஜா வீட்டுக் கராஜுக்குள்ள கணவாய். அவன்தான் பொரிச்சவன்."

கணவாயைப் பற்றி யோகராணி கேட்கவே இல்லை. டொக்டர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"இனி?" என்றார் யோகராணி.

"இனி ஒருக்காலும் இல்லை. கொடி இறங்கும் வரைக்கும் தொடமாட்டன்."

"கொடி இறங்குற வரைக்கும் எப்பிடியும் தொடக் கூடாதுதானே. திண்ட பாவத்துக்கு?"

"சரி, சரி. கந்தசஷ்டி முடியிற வரைக்கும்."

"மலையில வைச்சுச் சொல்லுறியள். பேந்து மாத்தேலாது."

"மாத்தமாட்டன்! முருகன் சத்தியம்! ஊசியை வைக்கச் சொல்லும்!"

அவுஸ்திரேலியாவில் வசந்த காலமான ஐப்பசியில்தான் கந்தசஷ்டி வரும். யோகராணி கணவனின் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டு டொக்டர் பக்கம் திரும்பி, ஆங்கிலத்தில் அமைதியாகச் சொன்னார். "ஊசி தேவையில்லை. தொண்டையில் கடுகு போயிருக்கிறது. கொஞ்சம் தண்ணீர் கொடுத்தால் போதும்."

"ஆனால் அவர் சாப்பிட்ட சொசேஜ்?"

"அந்தக் கடை வால்ட்ராட்டின் மருமகனுடையது. செம்மஞ்சள் உடுப்புக்காரர் வந்தால் எதைக் கொடுக்க வேண்டும் என்று நாங்கள் வந்த அன்றே சொல்லிவிட்டோம்."

ஜெயரட்ணம் படுத்த படுக்கையில் தலையைத் தூக்கினார். மகளைப் பார்த்தார். மகள் கூரையைப் பார்த்தாள். அவருடைய சட்டைப் பைக்குள் போன் கிணுகிணுத்தது. வரதராஜா வாழ்த்து அனுப்பியிருந்தார்.

"ராணி... அப்ப நான் திண்டது?"

"சோயா," என்றார் யோகராணி, போர்வையைச் சரிசெய்து விட்டபடி. "அவ்வளவு ருசி எண்டியளே, கந்தசஷ்டி வரைக்கும் போதும் எண்டு ரெண்டு பெட்டி கார் டிக்கியில ஏத்தியாச்சு."